தலையாட்டும் மச்சானும் கண்ணுக்குள் பத்து அடுக்கும்

1

நான் இந்த நாட்டுக்கு வந்து பதினோரு வருடம் முடிந்த அன்று, காலை பத்தரை மணிக்கு, தலையை ஆட்டியதற்காக நான்கு முறை திட்டு வாங்கினேன். வேறு எப்படியும் கொண்டாடவில்லை என்பதால் அதையே கொண்டாட்டமாக எடுத்துக்கொண்டேன்.

நான் இருப்பது நெதர்லாந்தில், நைமேகன் என்ற ஊரில். சொந்த ஊரான ஆலங்குடியில் யாராவது என்ன வேலை என்று கேட்டால் கம்ப்யூட்டர் என்று சொல்லித் தப்பித்துவிடுவேன். உங்களிடம் உண்மையைச் சொல்கிறேன். கண்ணுக்குள் கோடு போடுகிற வேலை. நம் கண்ணின் பின்சுவரில் விழித்திரை என்று ஒன்று இருக்கிறது. கால் மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும், ஆனால் அதற்குள் பத்து அடுக்கு. ஒரு ஸ்கேன் மெஷின் உள்ளே ஒளியை அனுப்பி அந்த அடுக்குகளைக் குறுக்கே வெட்டினாற்போலப் படமெடுக்கும். எந்த அடுக்கு எங்கே முடிகிறது என்று கணினி கோடு போடும், கனத்தை அளக்கும். வீங்கியிருந்தால் சிவப்பு, சரியாக இருந்தால் பச்சை. கணினிக்கு அந்த வித்தையைக் கற்றுக்கொடுக்க முதலில் யாராவது கையால் கோடு போட்டுக் காட்ட வேண்டும் இல்லையா? அப்படிக் காட்டுகிறவர்களில் நான் ஒருவன். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பதால், கணினி சறுக்கிய இடங்களைத் திருத்துவதும் என் வேலைதான்.

இதை இத்தனை வருடத்தில் முதல் தடவையிலேயே புரிந்துகொண்ட ஒரே ஆள் என் அக்கா புருஷன் முத்துக்கருப்பன். பஸ் டிரைவர். "அட, கெணறு வெட்டுனா மேல செம்மண்ணு, அதுக்குக் கீழ செம்புறாங்கல்லு, அப்பறம் களி, மணலுன்னு வருமே, அதானே மாப்ள?" என்றார். அதேதான் மச்சான் என்றேன். அன்றிலிருந்து எங்கள் ஆய்வுக்கூடத்துக்குப் புதிதாக வருகிற ஆட்களுக்கும் கிணறு வெட்டித்தான் பாடம் எடுக்கிறேன்.

திட்டு வாங்கிய கதைக்கு வருகிறேன். அன்று புது ஸ்கேன் மெஷின் வந்திருந்தது. சோதித்துப் பார்க்க ஊழியர்களே ஒவ்வொருவராக உட்கார வேண்டும். தாடையை ஒரு தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டையில் ஒட்டி, உள்ளே தெரியும் பச்சைப் புள்ளியைப் பார்க்க வேண்டும். மெஷினை ஓட்டியவள் என்னோடு வேலை செய்கிற லோட்டே. "அசையக் கூடாது, சரியா?" என்றாள். சரி என்றேன். "நீங்கள் அசைந்துவிட்டீர்கள்" என்றாள். மறுபடி, "அசையக் கூடாது, சரியா?" மறுபடி சரி என்றேன். நான்காவது தடவை எழுந்து வந்து, "உங்களுக்குக் கழுத்தில் ஏதாவது நோவு இருக்கிறதா?" என்று உண்மையான கவலையோடு கேட்டாள்.

திரையைக் காட்டினாள். என் விழித்திரை நேராகப் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று வேகத்தடையில் ஏறிய பஸ் போல மேலே துள்ளி, சட்டத்தை விட்டே பாதி வெளியே போயிருந்தது. படம் வெட்டுப்பட்ட இடத்தில் கணினி பாவம் என்ன செய்யும்? மேல் கோட்டைக் காணோம் என்று தேடி, கிடைத்த வேறு எதன் மேலோ போட்டுவிட்டது. அந்த இடம் முழுக்கச் சிவப்பு. படத்தின்படி எனக்குக் கண் வீங்கிக் கிடந்தது.

2

தலையாட்டலால் எனக்கு இந்த நாட்டில் வம்பு வந்தது இது முதல் தடவை இல்லை.

வந்த புதிதில் நகராட்சி அலுவலகத்தில் ஓர் அம்மாள் குடியிருப்பு விதிகளை டச்சு மொழியில் விளக்கினார். நான் மூன்று மாதம் இரவுபகலாகப் படித்துவிட்டுப் போயிருந்ததால் எல்லாமே புரிந்தது. புரிகிறது என்று நம் ஊர் வழக்கப்படி தலையை இப்படியும் அப்படியும் அழகாக ஆட்டிக்கொண்டிருந்தேன். அவர் நிறுத்தினார். மறுபடி முதலிலிருந்து, இன்னும் மெதுவாகச் சொன்னார். நான் இன்னும் நன்றாக ஆட்டினேன். மூன்றாவது முறை முடிந்ததும் கோப்பில் ஏதோ எழுதினார். ஒரு மாதம் கழித்து, விண்ணப்பதாரருக்கு மொழி புரியவில்லை, ஆரம்ப வகுப்பில் சேரவும் என்று கடிதம் வந்தது. அந்தக் கடிதமும் எனக்கு முழுதாகப் புரிந்தது என்பதுதான் வயிற்றெரிச்சல்.

ரொட்டிக் கடையிலும் இதே கதைதான். வேண்டுமா என்பார்கள், ஆட்டுவேன், எடுத்து உள்ளே வைத்துவிடுவார்கள்.

என் மகள் கயலுக்குப் பன்னிரண்டு வயது. அவளுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. ஆமாம் என்றால் மேலும் கீழும் ஒரே ஒரு தடவை. இல்லை என்றால் இட வலம் ஒரே ஒரு தடவை. கழுத்துக்குள் சுவிட்ச் வைத்தது போல இருக்கும். என் அக்கா மல்லிகா வீடியோவில் வந்து, "சாப்ட்டியாடி தங்கம்? ஸ்கூலுக்குப் போனியா? அத்தைய ஞாபகம் இருக்கா?" என்று அடுக்குவாள். இவள் அசையாமல் "ம்" என்பாள். அக்கா என்னிடம், "ஏன்டா தம்பி, புள்ளைக்கு எம் மேல என்ன கோவம்?" என்பாள். கோபம் இல்லை அக்கா, தலையாட்டத் தெரியாது என்று எப்படிச் சொல்ல? பிள்ளைக்குத் தமிழ் எழுதக் கற்றுக்கொடுத்தேன், தோசை தின்னக் கற்றுக்கொடுத்தேன். தலையாட்டக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? அது தானாக வரும் என்று இருந்துவிட்டேன். வரவில்லை. எனக்கு இதில் வருத்தம்தான், மறைக்க என்ன இருக்கிறது.

அக்காவுக்குத் தலையாட்டல் விஷயத்தில் நிரந்தரமான ஒரு வழக்கு உண்டு. அது அவள் புருஷன் மேல். "ஊருல உள்ளவன் என்ன சொன்னாலும் பூம்பூம் மாடு மாதிரி தலைய ஆட்டுவாரு. நான் ஒண்ணு சொன்னா மட்டும் செவுத்தப் பாத்துட்டுப் புள்ளையார் மாதிரி ஒக்காந்திருப்பாரு. இருபத்தொம்பது வருஷமா இதே கதைதான்." வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் இந்த வழக்கு விசாரணைக்கு வரும். தீர்ப்புச் சொல்லாமல் நான் தள்ளிவைத்துவிடுவேன்.

3

லோட்டேயிடம் திட்டு வாங்கிய அதே வாரம் வியாழக்கிழமை, அக்காவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு புகைப்படம் வந்தது. மச்சானின் கண் ஸ்கேன் அறிக்கை. வலது கண், கனத்தைக் காட்டும் வட்டத்தில் முக்கால்வாசி சிவப்பு.

நடந்தது இதுதான். மச்சான் ஆலங்குடி–புதுக்கோட்டை தடத்தில் தனியார் பஸ் ஓட்டுகிறார். சர்க்கரை உண்டு. வருடம் ஒரு தடவை கண் பரிசோதனைச் சான்று கொடுத்தால்தான் முதலாளி ஸ்டீயரிங்கைத் தருவார். இந்த வருடம் புதுக்கோட்டையில் ஒரு கண் மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தார்கள். விழித்திரையில் நீர் கோத்து வீங்கியிருக்கலாம், அப்படியென்றால் கண்ணுக்குள் ஊசி போட வேண்டும், மதுரைக்குப் போய்ப் பார்த்து வாருங்கள், அதுவரை பஸ் ஓட்ட வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். முதலாளி நல்ல மனுஷர். "அண்ணே, சர்ட்டிபிகேட் வரட்டும், அதுவரைக்கும் பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பரா ஒக்காருங்க" என்றிருக்கிறார். மச்சான் அதற்கும் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துவிட்டார்.

அவரே என்னை அழைத்தார். வழக்கமாக அவர் அழைக்கவே மாட்டார்.

"மாப்ள, ஒங்க அக்காகிட்டச் சொல்லாத. பயமா இருக்கு."

"ஊசிக்கா மச்சான்?"

"ஊசி கெடக்கு. நாளைக்கு எதுத்தாப்ல வர்ற வண்டி தெரியாமப் போயிட்டா? காலைல பள்ளிக்கூடத்துப் புள்ளைக நாப்பது ஏறும் மாப்ள. இருவத்தியாறு வருஷமா ஒரு கோழியக்கூட அடிச்சதில்ல. எங்கிட்டுப் பள்ளம், எங்கிட்டு மேடுன்னு கண்ண மூடிட்டுச் சொல்லுவேன். ஆனா கண்ண மூடிட்டு ஓட்ட முடியுமா?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினோரு வருடத்துக்கு முன் என்னைத் திருச்சி விமான நிலையத்துக்கு ஒரு வாடகை வேனில் ஏற்றி, தானே ஓட்டி வந்து விட்டவர் அவர்தான். வழியெல்லாம் நான் அழுதுகொண்டே வந்தேன். மற்றவர்கள் பார்த்துவிடக் கூடாது என்று உள்விளக்கை அணைத்தே வைத்திருந்தார்.

புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வாட்ஸ்அப்பில் வந்த படம், பாசி பிடித்த குளத்துத் தண்ணீர் போல இருந்தது. ஆனாலும் ஓரமாக இருந்த குறுக்குவெட்டுப் படத்தில் விழித்திரை ஒரு இடத்தில் மேலே துள்ளிச் சட்டத்தை விட்டு வெளியே போயிருந்தது. திங்கட்கிழமை என் கண்ணுக்கு நேர்ந்தது போலவே.

கீழே சிறிய ஆங்கில எழுத்தில், படம் தெளிவில்லை, மறுபடி எடுத்துப் பார்ப்பது நல்லது என்று டாக்டரம்மாவே எழுதியும் இருந்தார். சிவப்பைப் பார்த்து மிரண்டவர்கள் கறுப்பைப் படிக்கவில்லை.

4

கோடு தப்பு என்று எனக்கு உடனே கத்த வேண்டும் போல இருந்தது. அங்கேதான் கொஞ்சம் நின்றேன். எங்கள் வேலையில் படத்தின் மேல் பெயர் இருக்காது. ஒரே படத்தில் இரண்டு பேர் தனித்தனியாகக் கோடு போட்டு, வேறுபட்டால் மூன்றாவது ஆள் பார்ப்பார். ஏனென்றால் ஆசைப்பட்டவன் கை கோணும். வீக்கம் இருக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தால் இருக்கிற வீக்கமும் தெரியாது. மச்சானுக்கு ஒன்றும் இல்லை என்று சொல்ல எனக்கு எவ்வளவு ஆசையோ, அவ்வளவு தகுதி குறைவு. போதாததற்கு நான் டாக்டரும் இல்லை.

வேறு யாராவது பெயர் தெரியாமல் பார்க்கட்டும் என்று அலுவலகத்தில் கேட்டேன். படிவம் தந்தார்கள். இங்கே மூச்சு விடவும் ஒரு படிவம் உண்டு. நோயாளிக்கும் உங்களுக்கும் என்ன உறவு என்று கேள்வி. துணை, பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தவர், உறவு இல்லை என்று ஐந்து கட்டம். மச்சானுக்குக் கட்டம் இல்லை.

"உறவு இல்லை என்று போட்டுவிடுங்கள். உடனே அனுமதி கிடைத்துவிடும்" என்று லோட்டே வழி சொன்னாள். பேனாவை எடுத்தேன். வேனில் உள்விளக்கை அணைத்தவரை உறவில்லை என்று எழுதக் கை வரவில்லை. படிவத்தை மடித்து மேலாளரிடம் கொண்டுபோய் நடந்ததைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அலுவலகக் கணினியில் கண்டிப்பாகக் கூடாது என்றார். பிறகு, "ஆனால் வீட்டில் உங்கள் சொந்தக் கண்ணால் நீங்கள் எதைப் பார்க்கிறீர்கள் என்று நான் ஏன் கேட்கப் போகிறேன்? முடிவை மட்டும் அவருடைய டாக்டர் சொல்லட்டும்" என்றார். விதியையும் விடாமல் என்னையும் விடாமல் பேசினார். டச்சுக்காரர்களிடம் எனக்குப் பிடித்தது இதுதான்.

ஆக மிச்சம் ஒரே வழி. மதுரைக்குப் போகும் முன் ஒரு தடவை ஒழுங்காக ஸ்கேன் எடுத்தாக வேண்டும்.

5

சனிக்கிழமை மதியம் அக்காவும் மச்சானும் வீடியோவில் வந்தார்கள். அங்கே சாயங்காலம். மச்சானிடம், "அன்னைக்கு ஸ்கேன் ரூம்ல என்ன நடந்துச்சு, ஒண்ணு விடாமச் சொல்லுங்க" என்றேன்.

"ஜெசிந்தான்னு ஒரு புள்ள மாப்ள. தங்கமான புள்ள. 'ஐயா, ஆடாம இருக்கணும், சரிங்களா'ன்னுச்சு. 'சரிங்கம்மா'ன்னேன். 'பச்சைப் புள்ளியப் பாக்கணும், சரிங்களா'ன்னுச்சு. 'சரிங்கம்மா'ன்னேன். நான் ஆடவே இல்ல."

இதைச் சொல்லும்போது ஒவ்வொரு 'சரிங்கம்மா'வுக்கும் அவர் தலை தாடையோடு சேர்ந்து ஆடிற்று. கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே குதூகலம். யாராவது 'சரிங்களா' என்று முடித்தால் தலையாட்டாமல் விடுவது நம் ஊரில் மரியாதைக் குறைவு. அதிலும் தங்கமான பிள்ளை கேட்டால்!

ஒத்திகை பார்த்துவிடலாம் என்றேன். சோபா முதுகில் தாடையை வைக்கச் சொன்னேன்.

"மச்சான், ஆடக் கூடாது, சரிங்களா?"

"சரி மாப்ள." ஆட்டினார்.

"வாயால சொல்ல வேணாம். சும்மா இருங்க. சரிங்களா?"

வாயை மூடிக்கொண்டு ஆட்டினார்.

"தலைய ஆட்டாதீங்க மச்சான்!"

"ஆட்டல மாப்ள." ஆட்டினார்.

ஏழு தடவை. 'சரிங்களா'வை விட்டுவிட்டு வெறுமனே சொல்லிப் பார்த்தேன். அதற்கும் ஆடிற்று. என் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த கயல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மச்சானும் சிரித்தார். ஆனால் அவர் கண்ணோரம் பயம் இருந்தது எனக்குத் தெரிந்தது. மறுபடியும் படம் கெட்டால் மறுபடியும் சிவப்பு, மறுபடியும் பஸ் ஸ்டாண்டு நாற்காலி.

அப்போதுதான் அடுப்படியிலிருந்து அக்கா கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"நீ சொன்னா ஆட்டத்தான்டா செய்வாரு. நகரு, நான் சொல்றேன்." அவர் பக்கம் திரும்பினாள். "ஏங்க, நேராப் பாருங்க. ஆடாதீங்க."

மச்சான் சுவரைப் பார்த்தார். அசையவில்லை.

"கண்ண மூடாதீங்க. சரிங்களா?"

பிள்ளையார்தான்.

"நாளைக்குக் கடைக்குப் போயி கத்திரிக்கா வாங்கிட்டு வாரீங்களா?"

ஒரு மயிரிழைகூட ஆடவில்லை. எங்கள் ஆய்வுக்கூடத்தில் எத்தனையோ கண்களைப் பார்த்திருக்கிறேன், இப்படி ஒரு அசையாத தலையைப் பார்த்ததே இல்லை. இருபத்தொன்பது வருடத்துப் பயிற்சி!

"பாத்தியா? நாஞ் சொன்னப்பல்லாம் நம்புனியா?" என்றாள் அக்கா. வழக்கில் ஜெயித்த முகம்.

6

மறுபடி எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு டாக்டரம்மா, "தாராளமா எடுங்க. எனக்கும் அந்தப் படத்துல சந்தேகந்தான்" என்றாராம். புதன்கிழமை போனார்கள். அக்கா ஜெசிந்தாவிடம், "தப்பா நெனைச்சுக்காத தாயி, நீ மெசினப் பாத்துக்க, இவருகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றிருக்கிறாள். அந்தப் பெண் முதலில் திகைத்தாலும் விஷயம் கேட்டதும் சிரித்துச் சம்மதித்துவிட்டாள். இரண்டு கண்ணும் ஒரே மூச்சில் முடிந்தது. வந்த பெரியவர்களில் இத்தனை பேர் ஏன் ஆடுகிறார்கள் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது, இனிமேல் 'சரிங்களா'வே சொல்லப்போவதில்லை என்றாளாம்.

மருத்துவமனையில் கேட்டு வாங்கிய முழு ஸ்கேன் கோப்பு வெள்ளிக்கிழமை எனக்கு வந்தது. டாக்டரம்மா படம் பார்க்கும் நாள் சனிக்கிழமை. அதற்கு முன் நான் திறக்கவில்லை. அக்கா அழைக்கட்டும் என்று காத்திருந்தேன். ஆசைப்பட்டவன் கை கோணும் என்றேனே, கண்ணும் கோணும்.

சனிக்கிழமை காலை காப்பியை ஆற வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது அழைப்பு வந்தது. பேசியது மச்சான்.

"மாப்ள, வீக்கம் இல்லையாம்! வலது கண்ணுல சக்கரையால ரெண்டு சின்னப் புள்ளி இருக்காம். ஊசி வேணாம், மூணு மாசத்துக்கு ஒருக்க வந்து காட்டுங்க, சக்கரையக் கொறைங்கன்னாங்க. சர்ட்டிபிகேட் எழுதிக் குடுத்துட்டாங்க. திங்கக்கெழமை காலைல மொதோ சிங்கிள் ஓட்டப்போறது நான்தான்!"

"வாழ்த்துகள் மச்சான்" என்று மேடைப் பேச்சு போல ஏதோ சொன்னேன். அடுப்படி மேசையில் மடிக்கணினியை வைத்துக் கோப்பைத் திறந்தேன். வலது கண், மேலிருந்து கீழாக ஒவ்வொரு வெட்டாகத் தள்ளினேன். செம்மண், செம்புறாங்கல், களி, மணல் என்று அடுக்குகள் பிசகாமல் ஓடின. கணினி போட்ட கோடுகளில் கை வைக்க இடமே இல்லை. அந்த இரண்டு புள்ளிகளும் இருந்தன, சின்னதாக, நேர்மையாக. இடது கண்ணும் அப்படியே சுத்தம்.

கடைசி வெட்டில் மட்டும், ஓரத்தில், விழித்திரை ஒரு துள்ளு துள்ளி இறங்கியிருந்தது. அந்த இடத்தில் கோடும் கோணியிருந்தது. பார்வைக்கு முக்கியமில்லாத ஓரம்தான், டாக்டருக்கு அது தேவையே இல்லை. எனக்குத்தான் தொழில் புத்தி விடவில்லை. போனை அக்காவிடம் தரச் சொன்னேன்.

"கடசிப் படத்துல ஆடியிருக்காரேக்கா. நீ சொன்னா ஆட மாட்டாரே? இல்ல, அந்தப் புள்ள ஏதாச்சும் கேட்டுச்சா?"

அக்கா குரலைத் தணித்துச் சொன்னாள்.

"அந்தப் புள்ள வாயே தொறக்கலடா. முடியப்போகுதுன்னு கையக் காட்டுச்சு. இவரு மெசின் கம்பிய இறுக்கிப் புடிச்சுக்கிட்டே இருந்தாரு, நானுந்தான் பாத்துக்கிட்டே நிக்கிறேன். எங்கிட்டச் சொல்லாட்டி எனக்குத் தெரியாதா? சும்மா இருந்திருக்கணும். 'பயப்படாதீங்க, என்ன வந்தாலும் நான் இருக்கேன்ல'ன்னுட்டேன்."

"அதுக்கு?"

"தலைய ஆட்டிட்டாருடா தம்பி." சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. "எனக்கு ஆட்டுனாரு."

கோணின கோட்டை நேராக்குவதுதான் எனக்குச் சம்பளம். சுட்டியைப் பிடித்திருந்த கை பழக்கத்தில் அந்தக் கோட்டின் மேல் போய் நின்றது. பின்னால் வந்து நின்ற கயல், "இது தப்பா இருக்கேப்பா, திருத்தலையா?" என்றாள்.

இது தப்பு இல்லைம்மா என்று சொல்லி, கோப்பை அப்படியே மூடினேன்.